வர்க்க எண்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன?

ஒரு முழு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது வர்க்க எண். 1 × 1 = 1, 2 × 2 = 4, 3 × 3 = 9 என்று தொடங்கி 16, 25, 36, 49, 64, 81, 100 என இந்த வரிசை முடிவின்றி நீள்கிறது. 5 × 5 என்பதை 5² என்று சுருக்கி எழுதி, ஐந்தின் வர்க்கம் என்று படிக்கிறோம். 25 என்ற வர்க்கத்திற்குக் காரணமான 5 அதன் வர்க்கமூலம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியமே வருவதால் அதுவும் வர்க்க எண்தான் என்றாலும், வரிசையை 1-லிருந்து தொடங்குவதே வழக்கம். குறை எண்களை வர்க்கப்படுத்தினால் புதிதாக எதுவும் சேராது. −3-ஐ −3-ஆல் பெருக்கினாலும் 9 தான் கிடைக்கும். எனவே வர்க்க எண் ஒருபோதும் குறை எண்ணாக இருக்க முடியாது.

பள்ளியில் இந்தப் பாடம் பெரும்பாலும் ஒரு விதிப்பட்டியலாகவே வந்து சேர்கிறது. வர்க்க எண் 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடியாது, இறுதியிலுள்ள பூச்சியங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருக்கும், முதல் சில ஒற்றை எண்களின் கூடுதல் ஒரு வர்க்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மறப்பதில் வியப்பில்லை, காரணம் தெரியாத விதி நினைவில் தங்குவதில்லை. உண்மையில் இவற்றுள் ஏறக்குறைய எல்லாமே இரண்டு எளிய கருத்துகளிலிருந்து பிறப்பவை. ஒன்று, புள்ளிகளை அடுக்கிச் சதுரம் அமைப்பது. மற்றொன்று, ஓர் எண்ணை அதன் காரணிகளாகப் பிரிப்பது. இவ்விரண்டும் கைவந்துவிட்டால் விதிகளைத் தேவைப்படும்போது நாமே வருவித்துக்கொள்ளலாம்.

புள்ளிகளால் ஆன சதுரம்

ஒன்பது புள்ளிகளை மூன்று நிரைகளில், நிரைக்கு மூன்றாக அடுக்கினால் சரியான சதுரம் அமையும். பன்னிரண்டு புள்ளிகளை 3 × 4 அல்லது 2 × 6 என்ற செவ்வகமாக அடுக்கலாமே தவிர, சதுரமாக அடுக்க முடியாது. ஏழு புள்ளிகளுக்கு ஒரே நீண்ட கோட்டைத் தவிர வேறு வழியில்லை. இப்படிப் புள்ளிகளைச் சதுரமாக அடுக்க இடம்கொடுக்கும் எண்களே வர்க்க எண்கள். அதனால் சதுர எண்கள் என்றும் இவற்றைச் சொல்வதுண்டு.

இப்போது ஒரு சதுரம் அடுத்த சதுரமாக எப்படி வளர்கிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். கீழே உள்ள அமைப்பில் புள்ளிகளுக்குப் பதிலாக எண்களை இட்டிருக்கிறேன்.

1 2 3 4
2 2 3 4
3 3 3 4
4 4 4 4

இடது மேல் மூலையில் தனியாக நிற்கும் 1 தான் முதல் சதுரம். அதன் வலப்புறமும் கீழ்ப்புறமும் மூலையிலுமாக மூன்று இடங்களில் 2 வந்து சேர்ந்தவுடன் அது 2 × 2 சதுரமாகிறது. அடுத்து 3 என்ற எண் ஐந்து இடங்களில் மடிந்த பட்டை போலச் சுற்றிவந்து 3 × 3 சதுரத்தை உருவாக்குகிறது. 4 என்ற எண் ஏழு இடங்களை எடுத்துக்கொண்டு அதை 4 × 4 ஆக்குகிறது. ஒவ்வொரு பட்டையும் அதற்கு முந்தைய பட்டையைவிட இரண்டு இடங்கள் மட்டுமே பெரியது. வலக்கை ஓரத்தில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக அது நீள்வதே இதற்குக் காரணம். ஆகவே 1 + 3 = 4, 1 + 3 + 5 = 9, 1 + 3 + 5 + 7 = 16. முதல் ஐந்து ஒற்றை எண்களின் கூடுதல் 25. முதல் நூறு ஒற்றை எண்களை, அதாவது 1 முதல் 199 வரை, கூட்டினால் 10,000. எத்தனை ஒற்றை எண்களைக் கூட்டுகிறோமோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமே விடை.

ஃபிபனாச்சி என்று இன்று அறியப்படும் பீசா நகரத்து லியனார்டோ, வர்க்கங்களைப் பற்றி மட்டுமே எழுதிய தம் நூலை இந்த உண்மையிலிருந்துதான் தொடங்கினார். அந்த நூல் எழுதப்பட்ட 1225-ஆம் ஆண்டே ஒரு வர்க்க எண் (35²) என்பது தற்செயல்தான் என்றாலும், கவனிக்கத்தக்க தற்செயல். இதே ஒற்றை எண் வரிசை இயற்பியலிலும் தலைகாட்டுகிறது. ஓய்வுநிலையிலிருந்து விழும் ஒரு பொருள், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், முதல் சம கால இடைவெளியில் ஒரு பங்கு தொலைவும், இரண்டாவதில் மூன்று பங்கும், மூன்றாவதில் ஐந்து பங்கும் கடக்கிறது என்று கலிலியோ 1638-இல் வெளிவந்த நூலில் விளக்கினார். மொத்தத் தொலைவு 1, 4, 9, 16 என்று காலத்தின் வர்க்கமாக வளர்வதற்கும் மேலே நாம் பார்த்த பட்டைகளுக்கும் கணக்கு ஒன்றுதான்.

இந்தப் பட்டையின் அளவைச் சற்று வேறு விதமாகவும் சொல்லலாம். 60 × 60 சதுரத்தை 61 × 61 ஆக்க வேண்டுமானால் ஒரு பக்கத்தில் 60 புள்ளிகளையும் மறுபக்கத்தில், மூலையையும் சேர்த்து, 61 புள்ளிகளையும் வைக்க வேண்டும். ஆகவே 61² = 3600 + 60 + 61 = 3721. கீழ்நோக்கி வருவதானால் கழிக்க வேண்டும்: 59² = 3600 − 60 − 59 = 3481. அடுத்தடுத்த இரு எண்களின் வர்க்கங்களுக்கிடையிலான வித்தியாசம் அவ்விரு எண்களின் கூடுதலே என்ற இந்த ஒன்று தெரிந்தால், பத்தின் மடங்குகளை ஒட்டியுள்ள எண்களின் வர்க்கங்களை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

ஓர் எண் வர்க்க எண்தானா என்று சோதிக்கவும் இதே பட்டைகள் உதவும். சதுரத்தைக் கட்டியது போலவே அதைக் கலைத்தால் போதும். 40-ஐ எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 1, 3, 5 என்று ஒற்றை எண்களை வரிசையாகக் கழித்தால் 39, 36, 31, 24, 15, 4 என்று ஆறு முறை கழிக்க முடிகிறது. அடுத்து 13-ஐக் கழிக்க வேண்டும், ஆனால் 4 தான் மீந்திருக்கிறது. பூச்சியத்தில் முடியாததால் 40 வர்க்க எண் அன்று. ஆறு முறை கழித்து 4 மீந்தது என்பது வீணான செய்தியும் அன்று. 40-க்குள் அடங்கும் மிகப்பெரிய வர்க்கம் 6², அதற்கு மேல் மிச்சம் 4 என்று அது சொல்கிறது. பெரிய எண்களுக்கு இந்த முறை சலிப்பூட்டும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வர்க்கமூலம் என்றால் என்ன என்பதை முதன்முறையாகப் புரியவைக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பட்டைகள் வளர்ந்துகொண்டே போவதால், எண்வரிசையில் மேலே செல்லச் செல்ல வர்க்க எண்கள் அரிதாகின்றன. 100 வரை பத்து வர்க்கங்கள், அதாவது பத்தில் ஒன்று; 10,000 வரை நூறு, அதாவது நூறில் ஒன்று; 10,00,000 வரை ஆயிரம், அதாவது ஆயிரத்தில் ஒன்று. 100-க்கும் 121-க்கும் இடையில் மட்டும் வர்க்கமல்லாத எண்கள் இருபது இருக்கின்றன. இந்த இடைவெளிகளுக்குள் எப்போதும் குறைந்தது ஒரு பகா எண்ணாவது இருக்குமா என்ற கேள்வி பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாண்டரின் பெயரால் அறியப்படுகிறது. மேற்சொன்ன இடைவெளியிலேயே 101, 103, 107, 109, 113 என ஐந்து பகா எண்கள் இருக்கின்றன. சோதித்துப் பார்த்த இடங்களிலெல்லாம் இருக்கின்றன என்றாலும், எல்லா இடைவெளிகளுக்கும் பொருந்தும் நிரூபணம் இன்றுவரை கிடைக்கவில்லை. வர்க்கங்கள் இவ்வளவு அரிதாக இருந்தும், ஒவ்வோர் இயல் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் வீதம் ஒன்றுக்கொன்றாக இணைத்துவிட முடிகிறதே என்ற புதிரையும் கலிலியோ அதே நூலில் எழுப்பியிருக்கிறார். முடிவிலிகளை ஒப்பிடும் கணிதம் உருவாவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்பே எழுந்த கேள்வி அது.

முக்கோணங்கள்

1, 1 + 2, 1 + 2 + 3 என்று வரும் 1, 3, 6, 10, 15 ஆகியவை முக்கோண எண்கள். ஒரு சதுரத்தை மூலைவிட்டத்தை ஒட்டி வெட்டினால் அது அடுத்தடுத்த இரு முக்கோண எண்களாகப் பிரிகிறது; 16 = 10 + 6, 25 = 15 + 10.

இதைவிடப் பயனுள்ளது இன்னொரு பிரிவு. ஏழுக்கு ஏழு என்று அடுக்கிய சதுரத்தின் நடுப்புள்ளியைத் தனியே விட்டுவிட்டு, மீதமுள்ள 48 புள்ளிகளைப் பாருங்கள். அவற்றை நடுப்புள்ளியைச் சுற்றி 3 × 4 அளவுள்ள நான்கு செவ்வகங்களாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு செவ்வகத்தையும் குறுக்கே வெட்டினால் ஆறு புள்ளிகள் கொண்ட இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஆக, 49 = 8 × 6 + 1. எந்த ஒற்றை எண்ணின் வர்க்கத்தையும் இவ்வாறே எட்டு சம முக்கோணங்களும் ஒரு புள்ளியுமாகப் பிரிக்கலாம்: 25 = 8 × 3 + 1, 81 = 8 × 10 + 1. ஆகவே ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பல இடங்களில் பயன்படும்.

கடைசி இலக்கங்களும் மீதிகளும்

இரண்டு எண்களைப் பெருக்கும்போது விடையின் ஒன்றாம் இலக்கத்தை அவ்வெண்களின் ஒன்றாம் இலக்கங்கள் மட்டுமே தீர்மானிக்கின்றன. 347-ஐ வர்க்கப்படுத்தினாலும் 7-ஐ வர்க்கப்படுத்தினாலும் கடைசியில் நிற்பது 9 தான். எனவே பத்து இலக்கங்களை மட்டும் சோதித்தால் போதும். 0 முதல் 9 வரையுள்ளவற்றின் வர்க்கங்கள் முறையே 0, 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1 ஆகியவற்றில் முடிகின்றன. 5-ஐ நடுவில் வைத்து இருபுறமும் இலக்கங்கள் ஒன்றையொன்று எதிரொலிப்பதைக் காணலாம். 2, 3, 7, 8 ஆகியவை இந்த வரிசையில் எங்குமே இல்லை. அந்த விதிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாணவர்கள் அடிக்கடி தடுமாறுவது இதன் மறுதலையில்தான். 7-இல் முடியும் எண் வர்க்கமாகாது என்பது உண்மை; 6-இல் முடியும் எண் வர்க்கமாகத்தான் இருக்கும் என்பது உண்மையன்று. 26, 46, 56 எல்லாம் 6-இல் முடிகின்றன, ஒன்றுகூட வர்க்கமில்லை. கடைசி இலக்கம் ஓர் எண்ணை விலக்க உதவுமே தவிர, ஏற்க உதவாது. பூச்சியங்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. 30² = 900, 200² = 40,000 என்று வர்க்கப்படுத்தும்போது இறுதியிலுள்ள பூச்சியங்கள் இரட்டிப்பாவதால், வர்க்கத்தின் இறுதியில் பூச்சியங்கள் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் இருக்கும்; 4000 உடனே விலக்கப்படுகிறது. ஆனால் 500-க்கு இரண்டு பூச்சியங்கள் இருந்தும் பயனில்லை, அவற்றை நீக்கியபின் எஞ்சும் 5 வர்க்க எண்ணாக இல்லை.

ஐந்தில் முடியும் எண்களின் வர்க்கத்திற்குப் பலரும் அறிந்த குறுக்குவழி ஒன்று உண்டு. 75² வேண்டுமானால் 7-ஐ அதற்கு அடுத்த எண்ணான 8-ஆல் பெருக்கி 56 என்று எழுதி, அதன் பின்னால் 25-ஐச் சேர்த்தால் 5625. இதில் மாயம் எதுவுமில்லை. 75² என்பது 70² + 2 × 70 × 5 + 25. நடுவிலுள்ள உறுப்பு 70 × 10 ஆகிவிடுவதால் முதலிரு உறுப்புகளும் சேர்ந்து 70 × 80 ஆகின்றன. ஐந்தின் இருமடங்கு பத்தாக இருப்பதுதான் இந்தக் குறுக்குவழி முழுவதற்கும் அடிப்படை.

கடைசி இலக்கத்தோடு நின்றுவிடாமல் மீதிகளையும் பார்த்தால் இன்னும் கூர்மையான சோதனைகள் கிடைக்கின்றன. இரட்டை எண்ணை வர்க்கப்படுத்தினால் இரண்டு இரண்டுகள் பெருகி நான்காகிவிடுவதால், விடை 4-ஆல் மீதியின்றி வகுபடும். ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 1 என்று பார்த்தோம். 4-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். எனவே எந்த வர்க்க எண்ணையும் 4-ஆல் வகுத்தால் 0 அல்லது 1 மட்டுமே மீதியாக வரும், 2-உம் 3-உம் வரவே வராது. இந்த ஒரு வரியைக் கொண்டு ஓர் அழகான முடிவை எட்டலாம். 11, 111, 1111, 11111 என்று ஒன்றுகளால் மட்டுமே ஆன எண்களில் வர்க்கம் ஏதேனும் உண்டா? ஓர் எண்ணை 4-ஆல் வகுக்கும்போது மீதியைக் கடைசி இரு இலக்கங்களே தீர்மானிக்கின்றன; இங்கே அவை எப்போதும் 11, மீதி எப்போதும் 3. ஆகவே 1-ஐத் தவிர அந்த முடிவற்ற வரிசையில் ஒரு வர்க்க எண்கூட இல்லை. ஒற்றை வர்க்கங்களின் பத்தாம் இலக்கம் எப்போதும் இரட்டையாகவே இருப்பதற்கும் (25, 49, 81, 169, 289) காரணம் இதே மீதிதான்.

3-ஆல் வகுத்தாலும் வர்க்கங்களுக்கு 0, 1 என்ற இரு மீதிகளே உண்டு. 9-ஆல் வகுத்தால் 0, 1, 4, 7 ஆகியவை மட்டும் வரும். ஓர் எண்ணை 9-ஆல் வகுக்கும்போது கிடைக்கும் மீதியை அதன் இலக்கங்களைக் கூட்டியே அறியலாம் என்பதால், வர்க்க எண்ணின் இலக்கங்களைத் திரும்பத் திரும்பக் கூட்டி ஒரே இலக்கமாக்கினால் 1, 4, 7, 9 ஆகியவற்றுள் ஒன்றுதான் கிடைக்க வேண்டும். 289-க்கு 19, பிறகு 10, பிறகு 1.

மூன்று எண்களைச் சோதித்துப் பார்க்கலாம். 7654 என்ற எண் 4-இல் முடிகிறது, இலக்கங்களின் கூடுதலும் 22, பிறகு 4 என்று சரியாகவே வருகிறது; ஆனால் 54-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2, எனவே விலக்கு. 8324 அந்தத் தடையைத் தாண்டுகிறது, ஆனால் இலக்கங்களின் கூடுதல் 17, பிறகு 8, அதுவும் விலக்கு. 8329 என்ற எண்ணோ 9-இல் முடிந்து, 8-ஆல் வகுத்தால் மீதி 1 தந்து, இலக்கக் கூடுதலில் 4 தந்து, எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடுகிறது. ஆயினும் 91² = 8281, 92² = 8464 என்பதால் இரண்டு வர்க்கங்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட அது வர்க்க எண் அன்று. மீதிகளாலான சோதனைகள் எத்தனை அடுக்கினாலும் அவை சல்லடைதான். இறுதித் தீர்ப்பு வர்க்கமூலத்தைக் கண்டுபிடிப்பதிலோ காரணிகளாகப் பிரிப்பதிலோதான் இருக்கிறது.

காரணிகள் சொல்வது

ஒன்றைவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணையும் பகா எண்களின் பெருக்கற்பலனாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். 60 = 2² × 3 × 5. இதை வர்க்கப்படுத்தினால் ஒவ்வொரு பகாக் காரணியும் இருமுறை வருவதால் 3600 = 2⁴ × 3² × 5² என்று எல்லா அடுக்குகளும் இரட்டையாகிவிடுகின்றன. மறுதலையும் இங்கே உண்மை: எல்லா அடுக்குகளும் இரட்டையாக இருந்தால், ஒவ்வொன்றையும் பாதியாக்கி வர்க்கமூலத்தை எழுதிவிடலாம். கடைசி இலக்கச் சோதனையால் முடியாததை இது செய்துமுடிக்கிறது. 252 = 2² × 3² × 7 என்பதில் 7 மட்டும் இணையின்றி நிற்கிறது. ஆகவே 252 வர்க்கமன்று, ஆனால் 7-ஆல் பெருக்கினால் 1764 = 42² ஆகிவிடும், 7-ஆல் வகுத்தால் 36 = 6² ஆகிவிடும். எந்த மிகச்சிறிய எண்ணால் பெருக்க வேண்டும், எதனால் வகுக்க வேண்டும் என்று பாடநூல்கள் கேட்கும் கணக்குகள் அனைத்தும், இணையில்லாமல் நிற்கும் பகா எண்கள் எவை என்று தேடும் கணக்குகளே.

இரண்டின் வர்க்கமூலத்தை ஏன் பின்னமாக எழுத முடியாது என்பதும் இங்கேயே தெளிவாகிவிடுகிறது. முடியும் என்று வைத்துக்கொண்டால், ஏதோ ஓர் எண்ணின் வர்க்கம் வேறோர் எண்ணின் வர்க்கத்தைப்போல் சரியாக இருமடங்காக இருக்க வேண்டும். முதல் எண்ணின் வர்க்கத்தில் 2 என்ற பகா எண்ணின் அடுக்கு இரட்டை. மற்றதிலோ, வர்க்கத்திலுள்ள இரட்டை அடுக்கோடு கூடுதலாக ஒரு 2 சேர்ந்திருப்பதால் ஒற்றை. ஒரே எண்ணுக்கு இரண்டும் பொருந்தாது. ஆகவே அது விகிதமுறா எண்.

காரணிகளை இணை இணையாக எழுதினால் இன்னொரு பண்பு வெளிப்படும். 48-இன் காரணிகள் (1, 48), (2, 24), (3, 16), (4, 12), (6, 8) என ஐந்து இணைகளாகப் பிரிவதால் மொத்தம் பத்து. 36-க்கு (1, 36), (2, 18), (3, 12), (4, 9) என்ற நான்கு இணைகளுக்குப் பிறகு 6 தனக்குத்தானே இணையாகி நிற்கிறது, மொத்தம் ஒன்பது. காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக இருப்பது வர்க்க எண்களுக்கு மட்டுமே உரியது. 1 முதல் 100 வரை எண்ணிட்ட, அணைந்திருக்கும் நூறு விளக்குகளின் பொத்தான்களை நூறு பேர் வரிசையாக வந்து, முதலாமவர் எல்லாவற்றையும், இரண்டாமவர் இரண்டின் மடங்குகளை மட்டும், மூன்றாமவர் மூன்றின் மடங்குகளை மட்டும் என்று அழுத்திச் சென்றால் இறுதியில் எவை எரியும் என்ற பழைய புதிருக்கும் விடை இதுதான்: ஒவ்வொரு விளக்கும் தன் எண்ணுக்கு எத்தனை காரணிகளோ அத்தனை முறை அழுத்தப்படுவதால், எரிபவை 1, 4, 9 முதல் 100 வரையுள்ள பத்து விளக்குகள்.

கூட்டலும் கழித்தலும்

இரண்டு வர்க்கங்களைப் பெருக்கினால் வர்க்கமே கிடைக்கும்; 4 × 9 = 36. கூட்டினால் பெரும்பாலும் கிடைக்காது. 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கப்படுத்தினால் 49, தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. விடுபட்ட 24 எங்கே என்று 7 × 7 சதுரத்தை வரைந்து பார்த்தால், 3 × 3, 4 × 4 ஆகிய சதுரங்களுக்கு அருகே 3 × 4 அளவுள்ள இரண்டு செவ்வகங்கள் நிற்பது கண்ணுக்குத் தெரியும். இயற்கணிதத்தில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறுகளுள் ஒன்று இந்த இரண்டு செவ்வகங்களை மறப்பதுதான் என்பது என் எண்ணம்.

கழித்தலில் செவ்வகங்கள் நமக்கு உதவுகின்றன. இரு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூலங்களின் கூடுதலையும் வித்தியாசத்தையும் பெருக்கிய பலனுக்குச் சமம். எனவே 47 × 53 = 50² − 3² = 2491. இதையே தலைகீழாகப் பயன்படுத்தினால், 4891 என்ற எண்ணுக்குக் காரணிகள் தேடும்போது அது 4900 − 9 என்று கவனித்தவுடன் 67 × 73 என்று பிரித்துவிடலாம். எல்லா எண்களும் இப்படி இரு வர்க்கங்களின் வித்தியாசமாக அமையாது. வர்க்கங்களை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 தான் என்பதால், அவற்றின் வித்தியாசம் ஒருபோதும் மீதி 2 தராது. 6, 10, 14 ஆகியவற்றுக்கு எவ்வளவு தேடினாலும் விடை இல்லை.

வர்க்கங்களின் கூடுதல் வர்க்கமாகவே அமையும் அரிய நேர்வுகளுள் 3² + 4² = 5² தான் மிகப் புகழ்பெற்றது. இதையும் மடிந்த பட்டைகளே விளக்குகின்றன. 4 × 4 சதுரத்தை 5 × 5 ஆக்கும் பட்டைக்கு 4 + 5 = 9 புள்ளிகள் வேண்டும்; அந்த 9 தற்செயலாக ஒரு வர்க்கமாகவும் இருக்கிறது. பட்டைகள் எல்லா ஒற்றை எண்களின் வழியாகவும் செல்வதால், ஒற்றை வர்க்கங்கள் ஒவ்வொன்றின் முறையும் வந்தே தீரும். 25 = 12 + 13 என்பதால் 5² + 12² = 13²; 49 = 24 + 25 என்பதால் 7² + 24² = 25². இவ்வகையில் அடங்காத மூன்றன் தொகுதிகளும் பல உண்டு. பிளிம்ப்டன் 322 என்று குறிக்கப்படும், ஏறக்குறைய கி.மு. 1800-ஐச் சேர்ந்த பாபிலோனியக் களிமண் பலகையின் முதல் வரியில் உள்ள 119, 169 ஆகிய எண்கள் 119² + 120² = 169² என்ற தொகுதிக்குரியவை. 14,161-ஐயும் 14,400-ஐயும் கூட்டினால் 28,561 வருகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

கூடுதல் வர்க்கமாக இருக்க வேண்டாம், எந்தெந்த எண்களை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுதலாம் என்று மட்டும் கேட்டால், 4-ஆல் வகுக்கும் மீதி மறுபடியும் உதவிக்கு வருகிறது. 0, 1 ஆகிய மீதிகளில் இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 வரும், 3 வராது. எனவே 7, 11, 19, 23 ஆகியவை தொடக்கத்திலேயே விலகிவிடுகின்றன. மீதி 1 தரும் பகா எண்கள் அனைத்தையும் இவ்வாறு எழுத முடியும் (5 = 1 + 4, 13 = 4 + 9, 29 = 4 + 25) என்று ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார்; அதை நிரூபித்தவர் அடுத்த நூற்றாண்டின் ஆய்லர். நான்கு வர்க்கங்கள் வரை அனுமதித்தால் எந்த இயல் எண்ணும் விடுபடாது என்பதை 1770-இல் லக்ராஞ்சு நிரூபித்தார்.

மூன்று ஏன் போதாது? இரட்டை எண்ணின் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 4, ஒற்றை எண்ணின் வர்க்கத்திற்கு 1. இந்த மூன்று மீதிகளிலிருந்து ஏதேனும் மூன்றை எடுத்து எப்படிக் கூட்டினாலும் மீதி 7 கிடைக்காது. ஆகவே 7, 15, 23, 31 ஆகியவற்றுக்கு நான்கு வர்க்கங்களும் தேவை: 15 = 9 + 4 + 1 + 1, 31 = 25 + 4 + 1 + 1. 60-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 4 தான், ஆனாலும் அதற்கும் மூன்று போதாது. 60 என்பது 4-இன் மடங்கு என்பதால், அதை மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடிந்தால் அம்மூன்றும் இரட்டை எண்களின் வர்க்கங்களாகவே இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் 4-ஆல் வகுத்தால் 15-ஐ மூன்று வர்க்கங்களால் எழுதியதாகிவிடும், அது இயலாது என்று சற்று முன்தான் பார்த்தோம். அதனால் 60 = 49 + 9 + 1 + 1 என்று நான்கையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.